இயந்திரம் முதலில் வந்தது, மின்சாரம் கடைசியில் வந்தது: தக்கலை அருகே ஒரு விரைவு சார்ஜிங் நிலையத்தின் 24 வாரங்கள்

களியக்காவிளையில் குமரி மாவட்டத்துக்குள் நுழையும் தேசிய நெடுஞ்சாலை 66, குழித்துறை, மார்த்தாண்டம், அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, பார்வதிபுரம் வழியாக நாகர்கோவிலை அடைகிறது. இச்சாலையில் தக்கலைக்கும் வில்லுக்குறிக்கும் இடையே, ஓர் உணவு விடுதியின் பக்கவாட்டு முற்றத்தில், மின்சாரக் கார்களுக்கான விரைவு சார்ஜிங் நிலையம் ஒன்று கட்டப்பட்டது. மண்ணில் சுண்ணாம்புக் கோடு விழுந்த நாளிலிருந்து முதல் கார் சார்ஜ் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட நாள் வரை 24 வாரங்கள் ஆயின. தோண்டியது, காங்கிரீட் இட்டது, காயவிட்டது, சார்ஜரைத் தூக்கி நிறுத்தியது ஆகிய வேலைகள் அனைத்தும் முதல் 5 வாரங்களில் முடிந்துவிட்டன. எஞ்சிய 19 வாரங்கள் எங்கே போயின என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

பாலிடெக்னிக் ஒன்றில் மின்னியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். 30.2 கிலோவாட்-மணி பேட்டரி கொண்ட மின்சாரக் கார் ஒன்றை வைத்திருக்கிறேன் என்பதால் இந்த நிலையத்தில் எனக்குச் சொந்த ஆவலும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஞாயிறுதோறும் மீன் வாங்கப் போகிற வழியில் சாலையின் எதிர்ப்புறம் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் இரண்டு பத்திகளாகக் குறித்தேன். இடப்பக்கம் கண்ணில் பட்டவை. வலப்பக்கம் காகிதத்தில் நடந்தவை. வலப்பக்கத்தை நிரப்ப விடுதி உரிமையாளரும், நிலையம் அமைத்த தனியார் நிறுவனத்தின் தள மேற்பார்வையாளரும் உதவினார்கள். கட்டுமானத்தைக் கவனிக்கிற பலர் இடப்பக்கத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். 2 மாதங்கள் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

இடமும் தேவையும்

திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழி சுமார் 90 கிலோமீட்டர். வந்து திரும்பினால் 180. இந்த எண்தான் இங்கே சார்ஜிங் நிலையத்தின் தேவையைத் தீர்மானிக்கிறது, ஏனெனில் சிறிய பேட்டரி உள்ள கார் ஒன்று முழுச் சார்ஜில் ஓடக்கூடிய தூரமும் ஏறக்குறைய அதுவே. குளிர்சாதனமும் நான்கு பேரின் எடையும் மார்த்தாண்டம் நெரிசலும் சேர்ந்தால் திரும்பும் வழியில் எங்கோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குப் போய்விட்டுக் குமரிமுனைக்கு வரும் வண்டிகளும் இதே சாலையில்தான் ஓடுகின்றன.

இப்படி ஒரு நிலையத்தை யார் வேண்டுமானாலும் அமைக்கலாம் என்ற நிலை 2018-இல் உருவானது. கார்களுக்குச் சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அன்று, ஒரு சேவையே, ஆகவே மின்சாரச் சட்டம் 2003-இன் கீழ் உரிமம் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் அந்த ஆண்டு ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான வழிகாட்டுதல்கள், நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையம், நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்ற இலக்கை வைத்தன. களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை 40 கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால், அந்தக் கணக்குப்படி இப்பகுதிக்கு ஒன்றிரண்டு போதும். ஆனால் ஒரே ஒரு சார்ஜர் உள்ள நிலையம் பழுதானால் அந்த 25 கிலோமீட்டர் 50 ஆகிவிடும் என்பதை வழியில் நின்றவர்கள் அறிவார்கள்.

விடுதிக்காரருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஏற்பாடு எளியது. இடம் இவருடையது, இயந்திரமும் மின் இணைப்பும் பராமரிப்பும் அவர்களுடையவை, விற்கும் யூனிட்டுக்கு ஏற்ப இவருக்குப் பங்கு. சார்ஜ் ஏறும் முக்கால் மணி நேரத்தில் வண்டியில் வந்தவர்கள் தோசை சாப்பிடுவார்கள் என்பது உரிமையாளரின் உண்மையான கணக்கு. அதில் தவறில்லை.

முதல் 5 வாரங்கள்

சித்திரை பிற்பாதியில் கோடு போட்டார்கள். 120 கிலோவாட் திறன் கொண்ட ஒரு சார்ஜர், அதில் இரண்டு கன் (காரில் மாட்டும் கைப்பிடியுள்ள கேபிள் முனை), இரண்டு வண்டிகள் நிற்க இடம் என்பது திட்டம். ஒரு கார் மட்டும் நின்றால் அதற்கு முழுத் திறனும், இரண்டு நின்றால் ஆளுக்கு 60 கிலோவாட்டும் கிடைக்கும் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அதில் எழுதாத ஒரு செய்தி உண்டு. சிசிஎஸ்2 என்ற இணைப்பு வகையைச் சேர்ந்த கன்னின் சாதாரணக் கேபிள், திரவக் குளிரூட்டல் இல்லாதது, 200 ஆம்பியர் அளவுக்கே மின்னோட்டத்தைக் கடத்தும். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் பேட்டரி மின்னழுத்தம் 350 வோல்ட்டை ஒட்டியது. இரண்டையும் பெருக்கினால் 70 கிலோவாட். அதற்கு மேல் அந்தக் கார் கேட்டாலும் கேபிள் தராது, கேபிள் தந்தாலும் பல கார்கள் வாங்கா. 120 என்ற எண், இரண்டு வண்டிகள் ஒரே நேரத்தில் நிற்கும்போதுதான் முழுப் பொருள் பெறுகிறது.

வண்டி நிற்கும் இடத்தைக் குறித்ததில் மேற்பார்வையாளர் காட்டிய அக்கறையைச் சொல்லியாக வேண்டும். நிறுத்திய வண்டியின் சார்ஜிங் வாய் சார்ஜரிலிருந்து 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறை. சில கார்களுக்கு அந்த வாய் மூக்கில் இருக்கிறது, சிலவற்றுக்கு முன்சக்கரத்தின் மேலே, சிலவற்றுக்குப் பின்னால், பெட்ரோல் மூடி இருந்த இடத்தில். அவர் மூன்று விதமான கார்களை வரவழைத்து, முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் நிறுத்திப் பார்த்து, கயிற்றால் அளந்த பிறகே சக்கரத் தடுப்பின் இடத்தை முடிவு செய்தார். இத்தனை கவனம் உள்ளவர் அடுத்த வாரம் மண்ணின் மட்டத்தைப் பார்க்கத் தவறினார் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

கல்குளம் வட்டத்தின் இந்தப் பகுதியில் இரண்டடி தோண்டினால் வெட்டுக்கல் வந்துவிடும். செம்மண் இறுகிப் பாறையாகும் நிலையில் இருப்பது அது. கடப்பாரைக்குச் சிரமம், ஆனால் மேடைக்கு நல்ல அடித்தளம். மூன்றாம் வாரத்தில் கம்பி கட்டி, தரைமட்டத்திலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குக் காங்கிரீட் மேடை இட்டார்கள். கேபிள் உள்ளே வர மேடைக்கு நடுவில் இரண்டு குழாய்கள் விட்டிருந்தார்கள். 30 சென்டிமீட்டர் என்பது நிறுவனத்தின் பொது வரைபடத்தில் உள்ள அளவு. மதுரைக்கும் அதுவே, தக்கலைக்கும் அதுவே.

ஐந்தாம் வாரம் லாரியில் சார்ஜர் வந்தது. கிரேன் வைத்துத் தூக்கி மேடையில் இறக்கி, நங்கூர போல்ட்டுகளை முடுக்கி, மேலே நீலத் தார்ப்பாய் சுற்றிக் கட்டினார்கள். அந்த வாரப் படத்தைப் பார்க்கிற எவரும் நிலையம் தயார் என்றே சொல்வார்கள். என் நோட்டில் நானும் ‘90 சதவீதம் முடிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்காமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

மழை

ஆனி பிறக்கும் முன்பே தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலங்கள். மேற்கிலிருந்து ஒன்று, ஐப்பசியில் கிழக்கிலிருந்து மற்றொன்று. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் ஆனி, ஆடியில் இங்கே வாசலில் தண்ணீர் ஓடும் என்பதை வெளியூரில் போட்ட வரைபடம் அறியாது.

நெடுஞ்சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் பரப்புவதால் சாலை உயர்ந்துகொண்டே போகிறது. ஓரத்து முற்றங்கள் பள்ளமாகிக்கொண்டே போகின்றன. ஆறாம் வாரம் ஒரே இரவில் பெய்த மழையில் சாலைத் தண்ணீர் முழுவதும் முற்றத்தில் இறங்கி, மேடையின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வரை நின்றது. இயந்திரம் நனையவில்லை. ஆனால் கேபிள் வருவதற்காக விட்டிருந்த குழாய்களின் மறுமுனை தாழ்வான குழியில் திறந்திருந்தது. அதைக் கந்தல் துணியால்தான் அடைத்திருந்தார்கள். தண்ணீர் அந்த வழியாக ஏறி, சார்ஜரின் அடிப்பெட்டிக்குள் ஈரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. இயந்திரம் வராமல் மேடை மட்டும் இருந்திருந்தால் இன்னும் ஓரடி காங்கிரீட் ஏற்றிப் பிரச்சினையைத் தீர்த்திருக்கலாம். இயந்திரம் மேலே உட்கார்ந்துவிட்டதால் அதற்கு வழியில்லை. முற்றத்தைக் குறுக்காக வெட்டிப் பின்பக்க ஓடைக்கு வடிகால் எடுத்தார்கள், குழாய் வாய்களை முறையான அடைப்பான் கொண்டு மூடினார்கள். மேடை இன்றும் 30 சென்டிமீட்டர்தான். சீக்கிரம் வந்த இயந்திரம் செய்த முதல் கெடுதி இது.

ஒன்றும் நடக்காத 10 வாரங்கள்

ஆறாம் வாரத்திலிருந்து பதினைந்தாம் வாரம் வரையிலான படங்களை வரிசையாக வைத்தால் அவற்றுக்குள் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். தார்ப்பாயின் நீலம் வெளுத்தது. மேடையோரம் புல் முளைத்தது. விடுதிக்காரர் அங்கே வெற்று சிலிண்டர்களை அடுக்கத் தொடங்கினார். போகிறவர் வருகிறவர் எல்லாரும், பணம் தீர்ந்துவிட்டது போலும் என்று பேசிக்கொண்டார்கள். பணம் தீரவில்லை. மின் இணைப்புக்கான மனுவே ஆறாம் வாரத்தில்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

இங்கே சிறு கணக்கு ஒன்று வேண்டும். 120 கிலோவாட்டை நேர்மின்சாரமாக (டிசி) தருகிற சார்ஜர், லைனில் வரும் மாறுமின்சாரத்தை (ஏசி) அப்படி மாற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 126 கிலோவாட் உள்வாங்கும்; 415 வோல்ட் மும்முனை இணைப்பில் அது கிட்டத்தட்ட 175 ஆம்பியர். விடுதியும் சுற்றுவட்டார வீடுகளும் சார்ந்திருந்த 100 கிலோவோல்ட்-ஆம்பியர் (மின்மாற்றியின் திறனைச் சொல்லும் அலகு) மின்மாற்றி, தன் முழுத் திறனில் 433 வோல்ட்டில் தரக்கூடியது 133 ஆம்பியர்தான். வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டும் 3.3 கிலோவாட் சார்ஜர்கள் 36 ஒரே நேரத்தில் ஓடினால் எவ்வளவு பளுவோ அவ்வளவு பளு இந்த ஒற்றை இயந்திரத்துக்கு. ஆகவே 200 கிலோவோல்ட்-ஆம்பியர் மின்மாற்றி தனியாக வேண்டும். அதற்கு விடுதியின் பின்னால் ஊராட்சிச் சாலையோரம் போகும் 11 கிலோவோல்ட் லைனிலிருந்து கிளை எடுக்க வேண்டும். அதற்குப் புதுக் கம்பங்கள் நட வேண்டும். கோடு போட்ட நாளிலேயே இவை அத்தனையும் தெரிந்த உண்மைகள். காகிதத்தில் பெருக்கிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் தெரியும்.

பிறகு ஏன் மனு தாமதமானது? மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “சார், மெஷின் நின்னாத்தான் எங்களுக்கு பில் பாஸ் ஆகும்.” ஒப்பந்தத் தொகையின் பெரும்பகுதி இயந்திரம் மேடையில் ஏறிப் படம் எடுத்து அனுப்பியதும் கிடைப்பதாகவும், மின் இணைப்புக்கான தொகை கடைசித் தவணையில் வருவதாகவும் அவர் விளக்கினார். அப்படியிருக்க, எந்த ஒப்பந்தக்காரர் கம்பத்துக்காக முதலில் அலைவார்? வேலையின் வரிசையை மின்னியல் தீர்மானிக்கவில்லை. தவணை அட்டவணை தீர்மானித்தது. இந்த ஆய்வில் நான் கண்டவற்றுள் எனக்கு முக்கியமானது இதுவே. மேற்பார்வையாளர் மீது எனக்குக் குறையில்லை. தவணையை அப்படி எழுதியவர் சார்ஜிங் நிலையத்தை ஒரு பொருளாக நினைத்திருக்கிறார். அது ஒரு மின் இணைப்பு. அதன் நுனியில் ஒரு பொருள் தொங்குகிறது.

மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதிகளில் 2024-இல் செய்த திருத்தம், புதிய இணைப்புக்கான கால வரம்பைப் பெருநகரங்களில் 3 நாள், நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், ஊரகப் பகுதிகளில் 15 நாள் என்று குறைத்தது. இதைச் செய்தித்தாளில் படித்த விடுதிக்காரர், 15 நாளில் தர வேண்டியதை ஏன் இழுக்கிறார்கள் என்று என்னிடம் கோபப்பட்டார். அந்த வரம்பு, கைக்கெட்டும் தூரத்தில் கம்பியும் அதில் போதிய திறனும் உள்ள இடத்துக்கு உரியது. லைனை நீட்டவோ துணைமின் நிலையத்தில் வேலை செய்யவோ வேண்டியிருந்தால் அந்த விதிகளே வேறு காலக்கணக்கை அனுமதிக்கின்றன. மேலும் குறையில்லாத மனு கைக்கு வந்த பிறகுதான் நாள் எண்ணப்படும். ஆறாம் வாரம் கொடுத்த மனுவுக்கு எட்டாம் வாரம் இடத்தைப் பார்வையிட்டார்கள். பத்தாம் வாரம் மதிப்பீடு வந்தது. அதுவரை எவரையும் குறை சொல்ல இடமில்லை. பதினோராம் வாரம் கம்பத்துக்குக் குறி வைக்கப் போனபோதுதான் அயனி மரம் குறுக்கே வந்தது.

அயனி மரம்

11 கிலோவோல்ட் லைனுக்கும் விடுதி முற்றத்துக்கும் இடையே பக்கத்து வீட்டு விளையின் (தோட்டத்தின்) ஒரு மூலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மூலையில் இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் பருமனில் ஓர் அயனி நிற்கிறது. வரைபடத்தில் அந்த மரம் இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் போட்ட கோடு அதன் உச்சிக்குள் புகுந்து வெளியேறியது. அயனி என்பது இந்த ஊரில் வெறும் மரம் அன்று. பலாவின் இனத்தைச் சேர்ந்த அதன் மரம் கதவுக்கும் கட்டிலுக்கும் படகுக்கும் உதவுவது. ஒரு விளையில் முற்றிய அயனி நின்றால் அது அந்த வீட்டின் வைப்புநிதி. விளைக்கு உரியவர் எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி. குறி வைக்க வந்த இளைஞர்களிடம் அவர் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன்: “கொப்பு வேணும்னா வெட்டிக்கோ மக்களே, மூட்டுல கை வைக்கப்பிடாது. எனக்க பேத்திக்கு கட்டில் செய்ய நிக்குதது.”

மூடு என்றால் அடிமரம். ஆனால் கொப்பை மட்டும் கழித்தால் போதாது. வெறுங்கம்பி லைன் மரத்தை ஒட்டிப் போனால் ஆடிக்காற்றில் கிளை அசைந்து கம்பியைத் தொடும். ஒவ்வொரு முறை தொடும்போதும் அந்த லைனில் உள்ள வீடுகள் அனைத்தும் இருளும். எனவே பாதையை விலக்கி ஒரு கம்பத்தைக் கூட்டுவது என்று முடிவாயிற்று. கம்பம் கூடியதால் பாதையில் ஒரு வளைவு விழுந்தது. வளைவில் நிற்கும் கம்பத்தைக் கம்பிகள் ஒரு பக்கமாக இழுப்பதால் எதிர்ப்பக்கம் ஸ்டே கம்பி வேண்டும். ஸ்டே கம்பியின் அடி, கார்கள் திரும்புகிற இடத்தின் நடுவில் போய் விழுந்தது. இழுத்துப் பிடிக்கும் கம்பிக்குப் பதில் மறுபக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கும் சாய்வுக் கம்பம் ஒன்றை நட்டுச் சமாளிக்கலாம் என்று உதவிப் பொறியாளர் ஒருவர் வழி கண்டார். அந்தச் சாய்வுக் கம்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பந்தலுக்குக் கொடுத்த முட்டு நினைவுக்கு வரும். வரைபடம் மாறியதால் மதிப்பீடு மாறியது. மதிப்பீடு மாறியதால் தொகை மாறியது. பதினான்காம் வாரம்தான் பணம் கட்டி முடித்தார்கள். மனு முதல் வாரமே போயிருந்தால், மேடைக்குக் காங்கிரீட் காய்ந்துகொண்டிருந்த நாட்களில் இந்த மரப் பேச்சு முடிந்திருக்கும்.

பதினாறாம் வாரம் சிமெண்ட் கம்பங்கள் நட்டார்கள். பதினெட்டாம் வாரம் இரட்டைக் கம்பத்தின் நடுவே மின்மாற்றி ஏறியது. மேலே இடிதாங்கிகள், லைனைத் துண்டிக்க உதவும் ஏபி சுவிட்ச், பியூஸ். கீழே தாழ்வழுத்தப் பெட்டி. 11 கிலோவோல்ட் பக்கத்தில் இந்த மின்மாற்றி முழுப் பளுவில் எடுப்பது 10.5 ஆம்பியர்தான், ஒரு வீட்டு ஹீட்டர் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல். மின்னழுத்தத்தை ஏற்றி அனுப்புவதன் பயன் என்ன என்று இத்தனை ஆண்டுகள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியவன், விரல் தடிமன் கம்பி மேலேயும் கை தடிமன் கேபிள் கீழேயும் இருப்பதை அங்கே நின்று வெகுநேரம் பார்த்தேன்.

நில இணைப்பு

வெட்டுக்கல் மேடைக்கு நல்லது என்றேன். எர்த்துக்கு அது நல்லதன்று. ஈரம் இருக்கும்வரை மின்னோட்டத்தை ஓரளவு கடத்தும் இந்த மண், காய்ந்தால் தடை வெகுவாகக் கூடிவிடும். மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளிக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு, இடிதாங்கிக்குத் தனியே ஒன்று, சார்ஜருக்கு இரண்டு என்று, கசியும் மின்சாரத்தை மண்ணில் இறக்கும் குழாய்கள் புதைத்தார்கள். நில இணைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043, 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய் குறைந்தது 2.5 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும் என்கிறது. இங்கே ஒன்றரை மீட்டரிலேயே கல் இறுகிவிட்டதால் இரண்டு குழாய்களுக்குத் துளையிடும் இயந்திரம் வரவழைக்க வேண்டியதாயிற்று. குழாய்களை ஒன்றுக்கொன்று நெருக்கமாகப் புதைத்தால் எண்ணிக்கை கூடுமே தவிர பயன் கூடாது. அவற்றின் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுவது நல்லது. முற்றத்தில் அத்தனை இடம் இல்லை. கிடைத்த இடத்தில் பரப்பிப் புதைத்தார்கள்.

கார் சார்ஜிங்கில் எர்த் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்கலாம். வீட்டில் பிரிட்ஜின் உடலில் கசிவு வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு விலகி நிற்கலாம். இங்கே மழையில் நனைந்த தரையில், நனைந்த கையோடு, 350 வோல்ட்டை ஒட்டிய நேர்மின்சாரம் ஓடப்போகும் கன்னைப் பயணி தானே பிடித்து மாட்டுகிறார். அவரைக் காப்பது அந்தக் குழாய்களும், அவற்றை நம்பி வேலை செய்யும் கசிவுத் துண்டிப்பானும்தான்.

இருபதாம் வாரம் மின் ஆய்வுக்கு வந்தார்கள். அது புரட்டாசித் தொடக்கம். அதற்கு முந்தைய வாரம் முழுவதும் சாரல் விட்டு விட்டுப் பெய்திருந்தது. எர்த் டெஸ்டரில் அளவுகள் எல்லாம் வரம்புக்குள் வந்தன. இரண்டு சிறு திருத்தங்கள் சொன்னார்கள்: மின்மாற்றியைச் சுற்றிய வேலியின் கதவையும் எர்த்தோடு இணைக்க வேண்டும், அபாயப் பலகையில் தமிழும் இருக்க வேண்டும். இரண்டும் மறுநாளே முடிந்தன. ஆனால் அன்று அளந்தது ஈர மண்ணை. பங்குனி வெயிலில் அதே குழாய்கள் என்ன காட்டும் என்பதை அந்த அறிக்கை சொல்லாது. சொல்ல வேண்டிய கட்டாயமும் அதற்கு இல்லை.

இயக்கிப் பார்த்தல்

இருபத்தோராம் வாரம் மீட்டர் மாட்டி மின்சாரம் கொடுத்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்ததும் திரை ஒளிர்ந்தது. விடுதிக்காரர் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். அதற்குப் பின்னும் மூன்று வாரங்கள் ஆயின.

சார்ஜர் தன்னந்தனியாக வேலை செய்யும் இயந்திரம் அன்று. யார் வந்தார், எத்தனை யூனிட் ஏற்றினார், பணம் வந்ததா என்பதை அது ஒவ்வொரு நிமிடமும் தொலைவிலுள்ள சர்வருக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கிறது. தகரக் கூரை போட்ட பிறகு அந்தச் சிம்முக்குச் சிக்னல் எட்டவில்லை. ஆண்டெனாவை வெளியே நீட்டி வைக்கும் ஐந்து நிமிட வேலைக்கு, அந்தப் பாகம் வந்து சேர ஒரு வாரம்.

சோதனைக்கு ஒரு கார் தேவைப்பட்டபோது என் வண்டியைக் கொண்டுபோனேன். கன்னை மாட்டியதும் மின்சாரம் பாய்ந்துவிடுவதில்லை. முதலில் காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன: எனக்கு இத்தனை வோல்ட் வேண்டும், இத்தனை ஆம்பியருக்கு மேல் தராதே என்று கார் சொல்கிறது. பிறகு காரின் உள் இணைப்பு துண்டித்த நிலையில் இருக்கும்போதே சார்ஜர் கேபிளில் மின்னழுத்தம் கொடுத்து, எங்காவது கசிவு உண்டா என்று பார்க்கிறது. கசிவு இல்லையென்றால் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்குக் கொண்டுவருகிறது. அதன் பின்புதான் காருக்குள் ‘டக்’ என்று ஒலி கேட்கும், இணைப்பு சேர்ந்துகொள்ளும். இத்தனையும் அரை நிமிடத்துக்குள் நடந்தன. 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 18 யூனிட் ஆனது, முக்கால் மணி நேரம் பிடித்தது. திரையில் வேகம் 40 கிலோவாட்டைத் தாண்டவேயில்லை. அது என் காரின் எல்லை, இயந்திரத்தின் குறையன்று. 80-ஐத் தாண்டியதும் பேட்டரி தானாகவே ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டது. பின்னால் யாராவது காத்திருக்கும்போது 100 வரை ஏற்றிக்கொண்டிருப்பது, பந்தியில் இலையை மடித்த பின்னும் எழாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

இரண்டாவது கன் கசிவுச் சோதனையில் தோற்றது. மூன்று முறை மாட்டிப் பார்த்தும் மூன்று முறையும் ‘இன்சுலேஷன் பிழை’ என்றே திரை காட்டியது. கேபிளை மாற்ற வேண்டும், அது கப்பலில் வர வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. கடைசியில் கண்டது இதுதான்: 16 வாரங்கள் தார்ப்பாய்க்குள் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கன்னின் ரப்பர் மூடி எங்கோ விழுந்துவிட்டிருந்தது, முள்களின் அடியில் ஈரமும் பாசியும் படிந்திருந்தன. மின்சாரம் வருவதற்கு முன்பே வந்து மழையில் காத்திருந்த இயந்திரத்தின் இரண்டாவது கெடுதி அது. சுத்தம் செய்து, வெப்பக்காற்றில் உலர்த்தி, புது மூடி போட்டதும் சரியாயிற்று. இருபத்து நான்காம் வாரம், ஐப்பசி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, கேரளப் பதிவெண் கொண்ட கார் ஒன்று வந்து பணம் கொடுத்துச் சார்ஜ் ஏற்றியது. அவர்கள் தோசை சாப்பிடவில்லை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கட்டணம் குறித்து ஒன்று. 2024 செப்டம்பரில் திருத்திய மத்திய வழிகாட்டுதல்கள், சார்ஜிங் நிலையங்களுக்குத் தரும் மின்சாரத்தின் விலையைக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் (ஒரு யூனிட்டை வழங்க மின் விநியோக நிறுவனத்துக்கு ஆகும் சராசரிச் செலவில்) 0.7 மடங்காகவும், மற்ற நேரங்களில் 1.3 மடங்காகவும் வைக்கச் சொல்கின்றன. சூரிய மின்சாரம் மிகுந்த பகலில் வண்டிகளை இழுப்பது நோக்கம். ஆடியில் முப்பந்தல் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த மாவட்டத்துக்காரனுக்கு, காற்றின் நேரத்துக்கும் ஒரு மடங்கு வைத்திருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. விடுதிக்காரருக்கோ பகல் விலை வசதியாக இருக்கும்; அவருக்கு மதியச் சாப்பாட்டுக் கூட்டம்தான் பெரிது.

எர்த் அளவைப் பங்குனியில் மறுபடியும் பார்க்க வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆய்வு அறிக்கையின் நகலை அதற்காக எடுத்துத் தந்தார். குழாய்களின் வாயில் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றும் வேலையைப் பாத்திரம் கழுவும் பையனிடம் ஒப்படைத்திருக்கிறார். டெஸ்டர் என்னிடம் இருக்கிறது; அதற்குப் புது பேட்டரி மட்டும் வாங்க வேண்டும்.